வெள்ளை விழுந்த படம்

என் நெஞ்சுக்குள் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா இல்லையா என்று படம் பிடித்துப் பார்த்தவர்கள் பட்டணத்து டாக்டர்கள். அந்தப் படத்துக்கு அர்த்தம் சொன்னது கொல்லிமலையில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து. நெஞ்சு என்னுடையது என்பது இரண்டு தரப்புக்கும் ரொம்ப நாள் ஞாபகமே வரவில்லை. பஞ்சாயத்துக்காவது கடைசியில் வந்தது. அதனால் இன்றைக்கும் எனக்கு டாக்டர்களைவிடப் பஞ்சாயத்தின் மேல் ஒரு பிடி மரியாதை கூடுதல்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலைக்கு இன்னும் பஸ் வரவில்லை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. நான் அரியூர் நாட்டில் பிறந்து திருப்புலி நாட்டுக்கு மருமகளாக வந்தவள். ஐந்தாவது வரை படித்திருந்தேன். எங்கள் பக்கம் அப்போது ஒரு பெண்ணுக்கு அது பெரிய படிப்பு. என் வீட்டுக்காரருக்கு மிளகு தெரியும், மரவள்ளி தெரியும், பேசத்தான் தெரியாது. அந்தக் குறை தெரியாதபடி அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

சிறுவயதில் எனக்கு முட்டியும் கணுக்காலும் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. ரொம்ப நாள் படுத்திருந்து எழுந்தேன். காய்ச்சல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகிற போக்கில் அது இதயத்தைக் கடித்துவிட்டுப் போயிருந்தது, கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. சாமை குத்த உலக்கையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு இரைக்கும். உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் சாய்ந்துகொள்வேன். அத்தை தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்:

"எங்க ஊட்டு மருமவளுக்கு உலக்கையத் தொட்டாத்தானுங்க மூச்சு வாங்கும். சோத்துச் சட்டியத் தொட்டா வாங்கறதில்லீங்க."

இது அநியாயம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் சாப்பிடும்போது எனக்கு மூச்சு வாங்கியதில்லை என்பதும் உண்மை.

அப்புறம் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது மாதிரி இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். ஒருநாள் இருமியபோது கோழையில் ரத்தம் வந்தது. அதைப் பார்த்த அன்றையிலிருந்து அத்தை உலக்கைப் பேச்சை எடுக்கவே இல்லை. கிண்டல் நின்றதும்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் வழக்கப்படி, போகலாமா என்று முதலில் அம்மனிடம் பூ வாக்குக் கேட்டோம்.

இந்தப் பூ வாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பின்னால் என் உயிர் இதில்தான் தொங்கியது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வைத்து, வித்தியாசம் தெரியாமல் மடித்துக் கட்டி, சாமிக்கு முன்னால் போடுவார்கள். கேட்க வந்தவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி கைக்கு வந்த பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். கேட்கிறவர் குளித்துவிட்டுத் தோய்த்த துணி உடுத்தியிருக்க வேண்டும், பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் பட்டிருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது. கல்யாணமோ கிணறோ மாடு வாங்குவதோ, எங்கள் ஊரில் பூ கேட்காமல் ஒன்றும் நடக்காது.

அத்தை கேட்டார். வெள்ளை வந்தது. கம்பில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் என்னை உட்காரவைத்து, ஆட்கள் மலையிறக்கினார்கள். பாதி வழியில் ஒரு தட்டைப் பாறை உண்டு. மலை ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுமையை இறக்கி இளைப்பாறுகிற இடம். தூளி தூக்கியவர்கள் அங்கே நின்றார்கள்.

"இங்க எறக்க வேண்டாஞ் சாமி. நடங்க," என்றார் அத்தை.

"தோள் கழண்டு போகுதுங்க."

"கழண்டா எடுத்து மாட்டிக்கலாம். நடங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். அத்தை எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சுப் பேசுகிறவர்தானே என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சேலத்தில் ரயிலேறிப் பட்டணம் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் முதலில் நெஞ்சை ஒரு பலகையில் ஒட்டி நிற்கச் சொன்னார்கள். மார்கழி மாசத்துக் கல் மாதிரி சில்லென்று இருந்தது பலகை. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிம்மா," என்றார் படம் எடுப்பவர். இழுத்துப் பிடிக்க முடிந்தால் நான் எதற்கு மலையிலிருந்து இங்கே வரப்போகிறேன் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் முடிந்தவரை பிடித்தேன்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு டம்ளரில் வெள்ளையாகக் கெட்டியாக எதையோ கொடுத்தார்கள். அதை விழுங்கும்போது டாக்டர் இருட்டறையில் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாராம். உணவுக்குழாயில் அந்த வெள்ளை இறங்கும்போது, இதயம் வீங்கியிருந்தால் குழாயைப் பின்னால் தள்ளுவது தெரியுமாம். இருட்டில் கண் பழகுவதற்காக அந்த டாக்டர் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாவம், கண்ணு நோவு வந்திருக்குது," என்றார் என் காதில். "தன் கண்ணையே பாத்துக்க முடியாதவரு உன்ற நெஞ்சுக்குள்ள என்னத்தப் பாக்கப் போறாரு?"

"அது இருட்டுல பாக்கறதுக்குங்க அத்தை."

"இருட்டுல பாக்கறதுக்கு எதுக்குடி கண்ணாடி? வெளக்குப் போட்டாப் பாக்கலாமுல்ல."

உள்ளே போய் அந்த வெள்ளைக் கஞ்சியை விழுங்கினேன். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருந்தது. ஒரு கல் உப்புப் போட்டிருந்தால் குடித்துவிடலாம். உப்பு, உப்பு என்று நினைத்துக்கொண்டே அத்தனையையும் விழுங்கி முடித்தேன்.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்பது இதில்தான் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை நெஞ்சுவரை செலுத்துவார்கள். அதன் வழியே மருந்தை விட்டு, அது ரத்தத்தோடு சேர்ந்து எப்படிப் போகிறது என்று அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். முந்தின நாள் சாயங்காலத்தோடு சோறும் தண்ணீரும் நிறுத்தினார்கள். காலையில் குளிக்கச் சொல்லி, வெளுத்த வெள்ளை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அத்தையையும் வீட்டுக்காரரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

மயக்கமருந்து கிடையாது. மேஜையில் மல்லாந்து படுத்திருந்தேன். பலகைபோல் கனத்த அங்கி மாட்டிய டாக்டர், "இப்போ கொஞ்சம் சூடாத் தெரியும்மா, பயப்படாதே," என்றார். கொஞ்சம் என்றது யார் கணக்கோ தெரியவில்லை. தொண்டையிலிருந்து உள்ளங்கால்வரை கொதிக்கிற வெந்நீரைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. கீழே ஏதோ எந்திரம் தடதடவென்று படங்களைத் தள்ளியது. அந்த நேரத்தில் என் மனசில் இரண்டு நினைப்பு வந்தது. முதல் நினைப்பு: ஐயோ, மேஜையிலேயே ஒன்னுக்குப் போய்விட்டேன், இத்தனை ஆம்பளைகள் நிற்கிறார்களே! போகவில்லை, மருந்துச் சூடு அப்படித் தோன்றவைக்கும் என்று பிறகு நர்ஸ் சொன்னார். ஆனால் அப்போது நான் செத்துப்போகிற அளவுக்கு வெட்கப்பட்டேன். வெட்கத்துக்கு அடுத்த நொடி நிஜமாகவே செத்துப்போகிறேன் என்று தோன்றியது. அப்போதுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. அம்மா, என்னை விட்டுவிடாதே, வெட்டினாலும் சரி, வெட்டியாவது எழுப்பிவிடு.

படங்கள் காய்ந்ததும் டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு, விளக்குப் பெட்டியில் அவற்றை மாட்டிக் காட்டினார். "இதயத்தில் மேல் அறை, கீழ் அறை என்று இருக்கிறது. நடுவில் கதவு. உங்கள் மருமகளுக்குக் கதவின் ஓரங்கள் ஒட்டிப்போய்விட்டன."

"கதவு இருந்தாத் தாழ்ப்பாளும் இருக்குமுங்களே?" என்றார் அத்தை.

டாக்டர் அதைக் கேட்காதவர்போல் மேலே சொன்னார். "மருந்து வெள்ளையாகத் தெரியும். இந்தப் படத்தில் பாருங்கள், மேல் அறை முழுக்க வெள்ளை. அடுத்த படத்திலும் அப்படியே நிற்கிறது. அதற்கடுத்ததிலும் நிற்கிறது. நூல் மாதிரிதான் கீழே இறங்குகிறது. ரத்தமும் இப்படித்தான் தேங்கி, நுரையீரலில் முட்டுகிறது."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அரியூர்ப் பள்ளத்து வயலில் மடையில் சருகு அடைத்துக்கொண்டால், மேல் வயல் தளும்பி வரப்பை உடைக்கும், கீழ் வயல் காயும். வீட்டுக்காரரிடம் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அப்பச் சருக எடுத்துப் போடோணும்," என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

"அதேதான்," என்றார் டாக்டர் சந்தோஷமாக. "விலாப் பக்கம் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு, கதவைப் பிரித்துவிடுவோம்."

"வெரலையா?" அத்தை எழுந்தே விட்டார். "யாரு வெரலு?"

ஆபரேஷன் செய்யாவிட்டால் நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன், நடுவில் பிள்ளை உண்டானால் அதுவே முடித்துவிடும் என்றும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். அத்தை ஒரே பிடியாக நின்றார். ஊரைக் கேட்காமல், அம்மனைக் கேட்காமல் இந்த உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு, மூன்று படங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். "உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே காட்டுங்கள். அந்த வெள்ளை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். ஆனால் சீக்கிரம் வந்துவிடுங்கள்."

அவர் நல்ல மனுஷர். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஊருக்கு வந்தால் பூசாரி வீட்டில் இழவு. தீட்டுக் கழிகிறவரைக்கும் கோயில் நடை திறக்காது, பூவும் கேட்க முடியாது. அதற்குள் எனக்குக் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கியது. கடைசியில் ஊர்க்கவுண்டர் பலாமரத்தடியில் பஞ்சாயத்தைக் கூட்டினார். ஊர்க்கவுண்டர் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வார்த்தைதான் கடைசி. கனத்த மீசை, மெதுவான பேச்சு, எதிலும் முறை தவறக் கூடாது என்கிற பிடிவாதம்.

படங்கள் முதலில் கூட்டத்தைச் சுற்றி வந்தன. என் விலா எலும்புகளை ஊரே எண்ணிப் பார்த்தது. ஒரு பெரியம்மா, "பொண்ணு எளச்சுத்தான் போயிருக்குது," என்று என் அத்தையைக் குறையாகப் பார்த்தார். இன்னொருத்தர் கஞ்சி இறங்கின படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பாம்பு ஒன்று உள்ளே இருப்பதாகச் சொன்னார். கடைசியில் மருந்து விட்ட படம் ஊர்க்கவுண்டர் கைக்குப் போயிற்று. அவர் அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் கருப்பு. நடுவில் கைப்பிடி அளவுக்கு வெள்ளை.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் படத்தை மெதுவாக இறக்கினார்.

"எல கருப்பு," என்றார். "நடுவுல வெள்ளப் பூவு. இதுக்கு மேல என்னத்தக் கேக்கறது? அம்மா பட்டணத்துலயே வாக்குக் குடுத்துட்டா."

கூட்டம் ஒரு குரலாக ஆமாங்க என்றது. அந்த வெள்ளைதான் நோய் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "போகாம நிக்குதுன்னு சொன்னாருங்க," என்றேன்.

"அதத்தான் நானுஞ் சொல்றேன்," என்றார் ஊர்க்கவுண்டர். "வெள்ள அசையாம நின்னு வாக்குச் சொல்லுது."

டாக்டருக்கு எந்த வெள்ளை கெட்ட சேதியோ, அதே வெள்ளை இங்கே நல்ல சேதி. இரண்டுக்கும் முடிவு ஆபரேஷன்தானே, வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று நான் அடங்கிவிட்டேன். அப்போதுதான் அத்தை எழுந்தார்.

"வெள்ள விழுந்தது நெசந்தானுங்க. ஆனா என்ன கேட்டதுக்கு விழுந்துச்சு?" என்றார். "கதவுக்கு வெளிய நின்னு கேட்டது நானு. கத்தி படாம இவள ஊட்டுக்குக் கூட்டிப் போலாமான்னு கேட்டேன். சரீன்னுட்டா. ஆபரேசன் கெடையாது."

கூட்டம் அதற்கும் ஆமாங்க என்றது. வீட்டுக்காரர் எழுந்தார். அவர் பஞ்சாயத்தில் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நானும் வெளியதானுங்க நின்னேன். வெட்டலாமான்னு கேட்டேனுங்க," என்றார்.

ஒரே பூ, இரண்டு கேள்வி. பலாமரத்தடி இரண்டாகப் பிரிந்தது. ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். முறை என்றால் முறை.

"அந்நேரம் நீ என்ன சாப்பிட்டிருந்த?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இட்லிங்க."

"அத்தோட?"

"வடைங்க."

"உன்ற கேள்வி செல்லாது. உக்காரு." அத்தை பக்கம் திரும்பினார். "நீயி?"

"நான் ஒண்ணுஞ் சாப்பிடலீங்க," என்றார் அத்தை நிமிர்ந்து.

உட்காரப் போன வீட்டுக்காரர் பாதியிலேயே நின்றார். ஆயுசில் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர். "காப்பி குடிச்சயேம்மா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "போண்டாவுந் தின்ன."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருடைய எத்தனையோ வருஷத்துப் பேசாமையை மன்னித்துவிட்டேன். அத்தை மகனைப் பார்த்த பார்வையில் பலாப்பிஞ்சு உதிர்ந்திருக்கும்.

"உள்ள டாக்டரு இருந்தாருங்களே, அவரு ஏதாச்சும் கேட்டிருந்தா?" என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்.

"அவரு காலுல என்ன போட்டிருந்தாரு?" என்று என்னைக் கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"பூட்ஸுங்க."

"அப்ப அவரு கணக்குல இல்ல." பிறகு அவர் பார்வை என் மேலேயே நின்றது. "நீ என்ன சாப்பிட்டிருந்த கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க. மொத நாளுச் சாயங்காலத்துலயிருந்து தண்ணியுங் குடுக்கலீங்க."

"குளிச்சயா?"

"குளிக்கச் சொன்னாங்க."

"துணி?"

"வெளுத்த துணிங்க. வெள்ளைங்க."

ஊர்க்கவுண்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அப்பக் கேட்டது இவதான். பதில் வந்தாச்சு, இனிச் சொன்னாத் தப்பில்ல. படம் புடிக்கறப்ப நீ மனசுல என்ன நெனச்ச?"

ஊரே என்னைப் பார்த்தது. கல்யாணத்தன்றுகூட இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. முதல் நினைப்பைச் சொல்ல முடியுமா? சொன்னால் அம்மன் எதற்கு வெள்ளை கொடுத்தாள் என்று ஊரே யோசிக்க வேண்டிவரும். அதை விழுங்கிவிட்டு இரண்டாவதைச் சொன்னேன். நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது.

"என்னை விட்டுறாதேன்னு நெனச்சேனுங்க. வெட்டியாச்சும் எழுப்பி உடுன்னு கேட்டேனுங்க. நான் உசுரோட இருக்கோணுமுங்க."

ஊர்க்கவுண்டர் எழுந்து, "போய்ட்டு வாங்க," என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

அன்றைக்கு வீட்டில் அத்தை சோறாக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்தான் வெளியே வந்து என்னிடம் சொன்னார். அவருக்கு ஓர் அக்கா இருந்தாராம். பிரசவ வலி நீடித்துப்போய்த் தூளியில் கட்டிக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். தட்டைப் பாறையில் ஆட்கள் இளைப்பாற இறக்கியபோது உயிர் போய்விட்டது. அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தாராம். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் உள்ளே போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "போண்டா தின்னது என்ற தப்புத்தான்," என்றார்.

மறுபடியும் தூளி, மறுபடியும் ரயில். பாறையில் ஆட்களை நிற்கச் சொல்ல இந்தத் தடவை யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது இடது விலாவில் தையலும், அதைவிடப் பெரிய வலியும் இருந்தன. ஆனால் மூச்சு உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மூச்சு இவ்வளவு தூரம் உள்ளே போகக்கூடிய பொருள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

புண் ஆறியபின், கதவு எப்படித் திறக்கிறது என்று பார்க்க அதே மருந்துச் சோதனையை மறுபடி வைத்தார்கள். அன்று காலை அந்த அறை வாசலில் ஒரே கூச்சல். ஆஸ்பத்திரிக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலை சொட்டச் சொட்ட அத்தை கதவுக்கு நேரே நின்றிருந்தார். முந்தின நாளிலிருந்து அவர் எச்சில்கூட விழுங்கவில்லை. தரையெல்லாம் குளமாகிறது என்று ஆயா கத்தினார். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்தார். நர்ஸ் போகச் சொன்னார். அத்தை ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கேள்வி வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். நான் அந்த வெந்நீர்ச் சூட்டில் கிடந்தபோது, கதவுக்கு வெளியே ஒரு ஜீவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டர் படங்களை மாட்டினார். முதல் படத்தில் மேல் அறையில் வெள்ளை இருந்தது. இரண்டாவதில் மங்கியிருந்தது. மூன்றாவதில் அங்கே வெள்ளையே இல்லை. "பாருங்கள், வெள்ளை நிற்கவே இல்லை!" என்றார் டாக்டர் பூரித்துப்போய்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சா?" என்றார். "பூவ எடுத்துக்கிட்டாளா? ஒரு பருக்க திங்கலையே நானு, ஒரு சொட்டுக் குடிக்கலையே!" தலையில் அடித்துக்கொள்ளப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

"எடுத்துக்கலீங்க அத்தை. கீழ எறங்கீருச்சு. போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு. மடை தெறந்துருச்சுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்ப வெள்ள போறது நல்லதா?"

"நல்லதுங்க."

"அப்ப அன்னைக்கு நின்னது?"

"அது ஊருக்கு நல்லதுங்க," என்றேன்.

ஈரச்சேலையோடு நின்று அம்மனிடம் என்ன கேட்டீர்கள் என்று அத்தையை எத்தனையோ முறை கேட்டுப்பார்த்தேன். சொல்லவில்லை. அடிவாரம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த ஆட்கள் தூளியோடு காத்திருந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்ததும் சீறினார்.

"ஆரு உங்கள வரச் சொன்னது? தூளிய அவுத்து மடிச்சு வெய்யுங்க. அவ நடப்பா."

"அம்மா, டாக்டரு மெதுவா…" என்றார் வீட்டுக்காரர்.

"மெதுவா நடப்பா. நடந்து ஏறோணும்னுதான் கேட்டிருக்கறேன்."

சொன்னபின்தான் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. சட்டென்று திரும்பி முன்னால் நடக்க ஆரம்பித்தார். கேள்வி தெரிந்துவிட்டது, பதிலை நான்தான் சொல்ல வேண்டும். நின்று நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மலை ஏற எல்லோருக்கும் வாங்குகிற மூச்சுத்தான் எனக்கும் வாங்கியது. அத்தைக்கு வயசு, கொஞ்ச தூரத்தில் அவர் பின்தங்கிவிட்டார். தட்டைப் பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இறங்கி வந்தேன். "மலையத் தொட்டாத்தான் உங்களுக்கு மூச்சு வாங்குமுங்களா அத்தை?" என்றேன். வாய்க்கு வேறொன்றும் வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. பாறையைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு மெதுவாக அதன்மேல் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குப் பஞ்சாயத்துல சொன்னயே, நெசமா அதத்தான் நெனச்சியா கண்ணு?" என்று கேட்டார் திடீரென்று.

அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை.

"அது ரெண்டாவதுங்க அத்தை. மொத நெனப்பு வேற." அவர் காதோடு சொன்னேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேசை மேலயா?" என்றார். "டாக்டரு நிக்கையிலயா?" முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கையைப் பிடித்தேன். அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. எவ்வளவோ முன்னால் போய்விட்ட வீட்டுக்காரர், சத்தம் கேட்டு என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். தன் அம்மா அந்தப் பாறையின்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வழியிலேயே நின்றுவிட்டார்.